விசிட்டேஷன் ஆர்டரில் மணி எழுதியிருக்கிறதா?

விவாகரத்துக்குப் பிறகு குழந்தையைப் பார்ப்பதில் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் தொடங்குகின்றன. குழந்தையைப் பார்க்க நீதிமன்றம் தரும் விசிட்டேஷன் ஆர்டரில் "மாதம் இரண்டு வாரக் கடைசி", "கோடை விடுமுறையில் பாதி" என்று மொட்டையாக எழுதியிருக்கும். எந்த இரண்டு வாரம்? சனிக்கிழமை காலையிலிருந்தா, மாலையிலிருந்தா? இரவு தங்கலாமா? தீபாவளி அந்த ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் யாருக்கு? இதற்கெல்லாம் பதில் இல்லாத ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு குடும்ப நல நீதிமன்றத்துக்கும் மகளிர் காவல் நிலையத்துக்கும் அலைந்து, வேலையையும் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அலைச்சலில் பாதி தேவையே இல்லாதது.

சட்டம் சுருக்கமானதுதான். இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின் கீழோ, 1890-ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டத்தின் கீழோ இந்த உத்தரவு வரும். குழந்தையின் நலன்தான் முதலில். அப்பா, அம்மாவின் உரிமையெல்லாம் அதற்குப் பிறகு. இந்த உத்தரவுகளைச் சூழ்நிலை மாறினால் மாற்றலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 1973-லேயே சொல்லிவிட்டது. அதனால் "ஒருமுறை ஆர்டர் போட்டாச்சு, இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பலர் மாட்டிக்கொள்ளும் முதல் குழி இடைக்கால உத்தரவு. வழக்கு நடக்கும்போது ஐ.ஏ. (இடைக்கால மனு) போட்டு, ஞாயிறு காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை பார்க்கலாம் என்று வாங்கியிருப்பார்கள். வழக்கு முடிந்து தீர்ப்பு வரும்போது அதில் பார்க்கும் நேரம் பற்றி ஒரு வரியும் இருக்காது. இடைக்கால உத்தரவு வழக்கோடு முடிந்துவிடும். இது தெரியாமல் அடுத்த ஞாயிறு வாசலில் போய் நிற்பார்கள், கதவு திறக்காது. பரஸ்பர சம்மத விவாகரத்தில் இது இன்னும் மோசம். சீக்கிரம் முடிந்தால் போதும் என்ற அவசரத்தில் "இருவரும் பேசி முடிவு செய்துகொள்வார்கள்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். பேசி முடிவு செய்ய முடிந்தவர்கள் ஏன் கோர்ட்டுக்கு வரப் போகிறார்கள்? கையெழுத்துக்கு முன்னால் கிழமை, மணி, குழந்தையை ஒப்படைக்கும் இடம், யார் கொண்டுவந்து விடுவது, பண்டிகை, பிறந்தநாள், தவறிய நாளுக்கு ஈடு நாள், வீடியோ அழைப்பு நேரம் எல்லாவற்றையும் எழுதச் சொல்லி நில்லுங்கள். ஈடு நாள் என்று எழுதவில்லை என்றால், குழந்தைக்குக் காய்ச்சல் வந்து தவறிய ஞாயிறு போனதுதான். பகல் நேரம் மட்டும் எழுதியிருந்தால் இரவு தங்க வைக்க உரிமை இல்லை. வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்பவர்கள் தொலைபேசி, வீடியோ அழைப்பைக் கட்டாயம் கேளுங்கள். 2020-இல் உச்ச நீதிமன்றம் அதை வலியுறுத்தியிருக்கிறது.

அடுத்தது, நானே பார்த்து மிகவும் வருந்தும் விஷயம். ஜீவனாம்சம் வரவில்லை என்று குழந்தையைக் காட்ட மறுப்பது. குழந்தையைக் காட்டவில்லை என்று ஜீவனாம்சத்தை நிறுத்துவது. இரண்டும் தனித்தனி உத்தரவுகள். ஒன்றை மீறினார்கள் என்பதற்காக மற்றதை நீங்கள் மீறினால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் நீதிபதி முன்னால் தவறு செய்தவர் நீங்களாகிவிடுவீர்கள். பணம் வரவில்லையா, பாக்கிக்குத் தனி மனு போடுங்கள். குழந்தையை அனுப்புவதை நிறுத்தாதீர்கள்.

"குழந்தையே வரமாட்டேன் என்கிறது" என்பதும் தனியாக ஒரு காரணம் ஆகாது. விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் கேட்கும், ஆனால் முடிவு நீதிமன்றத்துடையது. உண்மையிலேயே அடி, குடி, பயம் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிச் சீட்டு, காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான) ரசீது எல்லாம் வாங்கிக்கொண்டு, நேரத்தைக் குறைக்கவோ ஒருவர் மேற்பார்வையில் பார்க்க வைக்கவோ மனு போடுங்கள். மனு போடாமல் நீங்களாக நிறுத்துவதுதான் ஆபத்து. அப்பீல் போட்டதாலும் உத்தரவு நிற்காது. தடை உத்தரவு தனியாக வாங்க வேண்டும். குடும்ப நல நீதிமன்றச் சட்டப்படி இறுதி உத்தரவுக்கு எதிரான அப்பீலுக்கு 30 நாள்தான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

குழந்தையைப் பார்க்க மறுக்கப்பட்டவர்கள் நேரே காவல் நிலையம் போகிறார்கள். அங்கே "இது சிவில் விஷயம், கோர்ட்டில் பாருங்கள்" என்பார்கள். கோர்ட்டில் சிரஸ்தார் (தலைமை எழுத்தர்) "வக்கீலைக் கூட்டிட்டு வாங்க" என்பார். வக்கீலோ "அடுத்த வாய்தாவில் பார்ப்போம்" என்பார். இந்த வட்டத்தில் ஆறு மாதம் போய்விடும். அதற்குள் ஆறு வயதுக் குழந்தை உங்கள் முகத்தைப் பார்த்துத் தயங்க ஆரம்பித்திருக்கும். ஆகவே உத்தரவு போட்ட அதே நீதிமன்றத்தில், உத்தரவை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனு போடுங்கள். இடைக்கால உத்தரவு மீறப்பட்டால் நடக்கும் வழக்கிலேயே மனு போட்டு நீதிபதியிடம் சொல்லுங்கள். உயர் நீதிமன்றத்தில் அவமதிப்பு மனு போடும் வழியும் உண்டு, ஆனால் மீறல் நடந்து ஓராண்டுக்குள் போட வேண்டும். அதையே முதல் வழியாக எடுக்காதீர்கள்.

இதற்கெல்லாம் உத்தரவின் சான்றிட்ட நகல் (நீதிமன்ற முத்திரையோடு தரும் நகல்) வேண்டும். உத்தரவு வந்த அன்றே நகல் மனு போட்டுவிடுங்கள், வக்கீல் வாங்கித் தருவார் என்று காத்திருக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் "இந்த வாரம் வேண்டாம், அடுத்த வாரம் வாருங்கள்" என்று ஒப்புக்கொள்வது உத்தரவை மாற்றாது. ஆனால் சாட்சியாகும், அழிக்காதீர்கள், பழைய போனையும் விற்காதீர்கள். போன நாள், நேரம், கதவு திறக்காதது எல்லாவற்றையும் அன்றன்றே எதிர்த் தரப்புக்கு ஒரு செய்தியாக அனுப்பிவிடுங்கள். மரியாதையாக எழுதுங்கள், திட்டி எழுதிய செய்தி உங்களுக்கு எதிராகவே மனுவில் இணைப்பாக வரும்.

குழந்தையோடு ஊர் மாறிவிட்டால் எந்த நீதிமன்றம் என்பதில் நிறைய பேர் தவறுகிறார்கள். பாதுகாவலர் சட்டத்தின் கீழ் புதிதாகப் போடும் மனு குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊரில்தான் எடுபடும். விவாகரத்துத் தீர்ப்பிலுள்ள நேரத்தை 26-ஆம் பிரிவின் கீழ் மாற்றக் கேட்பது தீர்ப்பு சொன்ன நீதிமன்றத்தில். சென்னையில் தீர்ப்பு, குழந்தை கோவையில் என்றால், மனுவின் தலைப்பில் எந்தச் சட்டப்பிரிவு என்று பார்த்த பிறகே, மனுவுக்கு எண் போட நீதிமன்றத்துக்கு அனுப்புங்கள். தவறாகப் போனால் மனு பல மாதம் கழித்துத் திரும்பி வரும்.

வக்கீலுக்குக் கட்டப் பணம் இல்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு இல்லை, இலவசம்தான். அங்கே வருமானச் சான்று கேட்டு ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பினால், சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவைச் சொல்லிச் செயலாளரிடம் எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.