கட்டி இழுக்கும் குழாய்

எங்கள் தோட்டத்தில் இரண்டு லயங்களுக்கு ஒரே பீலி. லயத்துக்குப் பின்னால் புதிதாக ஒரு குடிசை எழுந்தால், முதல் வேலையே மலையிலிருந்து வரும் குழாயில் ஒரு கிளை இழுப்பதுதான். ரப்பர் துண்டைச் சுற்றிக் கட்டிய இணைப்பு. பாதித் தண்ணீர் வழியிலேயே கசிந்துவிடும். என் பெரியம்மா அந்தப் பீலியில் குளிக்கும்போதுதான் மார்பில் பட்டாணி அளவில் ஒரு கட்டி விரலில் தட்டுப்பட்டது.

புற்றுக்கட்டியும் குழாய் இழுக்கிறது. குருதிக்கலனிலிருந்து ஒட்சிசன் மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் இரு பங்கு தூரம்தான் ஊறிச் செல்லும். அதனால் தனக்கென்று குருதி வழி இல்லாத கட்டி ஒன்றிரண்டு மில்லிமீற்றரோடு நின்றுவிடும். 1971இல் யூதா ஃபோக்மன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் முன்வைத்த கருத்து இது.

நடுவில் மூச்சுத் திணறும் கலங்கள் என்ன செய்கின்றன? கலத்துக்குள் 'ஹிஃப்' என்ற புரதம் உண்டு. ஒட்சிசன் போதுமானபோது அது உருவான சில நிமிடங்களிலேயே அழிக்கப்படும். ஒட்சிசன் குறைந்தால் அழியாமல் சேர்ந்து, 'வீஈஜீஎஃப்' என்ற வளர்ச்சிக் காரணியைச் சுரக்க வைக்கும். அது பக்கத்துக் குருதிக்கலனின் உட்சுவரைத் தொட்டதும், அங்குள்ள கலங்கள் பிடி தளர்ந்து, பெருகி, கட்டியை நோக்கி முளைவிடுகின்றன. கவ்வாத்து வெட்டிய தேயிலையில் தளிர் வெடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஆனால் இந்த முளைகள் கோணலானவை, ஒழுகுபவை. 1983இல் இந்தக் காரணியை முதலில் கண்டவர்களே குருதிக்கலன்களை ஒழுகச் செய்யும் பொருளாகத்தான் அதை அடையாளம் கண்டார்கள். அந்த ஓட்டைகள் புற்றுக் கலங்கள் உள்ளே நுழைந்து உடலெங்கும் பரவவும் வழிவிடுகின்றன.

1991இல் வைட்னரும் ஃபோக்மனும் மார்பகக் கட்டிகளின் மெல்லிய சீவல்களில் நுண்குருதிக்கலன்களை எண்ணிப் பார்த்தார்கள். அவை அடர்ந்திருந்த பெண்களிடம் நோய் பரவியிருப்பது அதிகமாக இருந்தது. அப்படியானால் வீஈஜீஎஃப் அளவைப் பார்த்தே நோயின் போக்கைச் சொல்லிவிடலாமே என்ற நம்பிக்கை பிறந்தது. அந்த அளவு கூடியவர்களுக்கு நோய் கடுமையாக இருந்ததாகப் பல ஆய்வுகள் காட்டின. வேறு சில காட்டவில்லை.

அளப்பதே பெரிய சிக்கல். குருதிச் சிறுதட்டுகளுக்குள்ளும் இதே காரணி இருக்கிறது. ஊசியால் எடுத்த குருதி குழாயில் உறையும்போது அவை அதைக் கொட்டிவிடும். கட்டி சுரந்தது எவ்வளவு, தட்டு கொட்டியது எவ்வளவு என்று பிரிப்பது கடினம். கட்டியிலும் இடத்துக்கு இடம் அளவு மாறும். இந்தக் காரணியைத் தடுக்கும் பெவசிசுமாப் மருந்துக்கு 2008இல் அமெரிக்கா பரவிய மார்பகப் புற்றுக்காக அனுமதி கொடுத்தது. நோய் வளர்வது தாமதமானது, ஆயுள் நீளவில்லை. 2011இல் அந்த அனுமதி மீளப் பெறப்பட்டது.

அதனால்தான் பெரியம்மாவின் கட்டியைப் பரிசோதித்த அறிக்கையில் வீஈஜீஎஃப் இல்லை. கட்டியின் அளவு, கலங்கள் எவ்வளவு மாறியிருக்கின்றன என்ற தரம், ஹோர்மோனைப் பற்றிக்கொள்ளும் வாங்கிகள், ஹேர்-2 என்ற புரதம், புற்று வழக்கமாக முதலில் பரவும் அக்குளின் நிணநீர்க் கணுக்கள்: வைத்தியர்கள் இன்றும் நம்புவது இவற்றைத்தான்.

விரலுக்குத் தட்டுப்படும் கட்டி எப்போதோ குழாய் இழுத்து முடித்துவிட்டது. அது வலிப்பதும் அரிது. வலியில்லாததால், ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்று கொழுந்துக் கூடையோடு மலையேறிவிடும் பெண்களை நினைத்தால் எனக்கு மனம் பதைக்கிறது. பெண்களின் உடல்நலப் பரிசோதனைக்கான சுகவனிதையர் கிளினிக்கில் 35 வயதான பெண்களின் மார்பைத் தொட்டுப் பரிசோதிக்கிறார்கள், கட்டணம் இல்லை.

"என்ன எழுதியிருக்கிறது, தம்பி?" என்று பெரியம்மா கேட்டார். 14 கணுக்களைப் பார்த்ததில் ஒன்றிலும் புற்றுக் கலம் இல்லை என்ற வரியை அவருக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன்.