கோலிக்குண்டு மேட்டில் ஏறுமா?

இங்கிலாந்தில் ஒரு பழைய பப்பில், மேசையில் வைத்த கோலிக்குண்டு மேட்டுப் பக்கமாக உருண்டு ஏறும் வீடியோவை அனுப்பி, "இது எப்படி?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர்.

அந்த பப், டட்லி நகரத்தை அடுத்த ஹிம்லியில் இருந்த க்ரூக்கட் ஹவுஸ். 1765-இல் பண்ணை வீடாகக் கட்டியது, 1830 வாக்கில் பப் ஆனது. அடியில் நிலக்கரி தோண்டியதால் மண் இறங்கி, கட்டடத்தின் ஒரு பக்கம் சுமார் 4 அடி தாழ்ந்துவிட்டது. 1940-களில் இடிக்கவே முடிவு செய்தார்கள். அப்புறம் முட்டுச்சுவரும் இரும்பும் கொடுத்து, அந்தக் கோணலோடு காப்பாற்றினார்கள்.

சரி, கோலிக்கு வருவோம். எது மேடு, எது பள்ளம் என்று மூளைக்கு இரண்டு பேர் சொல்கிறார்கள். உள்காதில் பொடிப்பொடியான கால்சியம் கார்பனேட் படிகங்கள் இருக்கின்றன. தலை சாய்ந்தால் அவை நகர்ந்து, கீழே உள்ள நுண்மயிர்களை வளைக்கும். இன்னொருவர் கண். சுவர், சன்னல், கதவு நிலை எல்லாம் நேராகத்தான் இருக்கும் என்பது கண்ணின் ஆயுட்கால அனுபவம். சுற்றியுள்ள எல்லாமே சேர்ந்து சாய்ந்திருந்தால் மூளை பெரும்பாலும் கண் பக்கம் சாய்ந்துவிடும்.

சன்னல் சட்டம் இடப்பக்கம் 10 டிகிரி தாழ்ந்திருக்கிறது, மேசை அதே பக்கம் 3 டிகிரிதான் தாழ்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூளை சன்னலைச் சமமாக எடுத்துக்கொள்கிறது. உடனே மேசையின் இடப்பக்கம் 7 டிகிரி உயர்ந்ததாகத் தெரியும்! கோலி என்னவோ 3 டிகிரி சரிவில் ஒழுங்காக இடப்பக்கம் இறங்கிக்கொண்டிருக்கிறது. நமக்கு அது மேட்டில் ஏறுகிறது. இந்தக் கழித்தல் கணக்கு எனக்கு அலுப்பதே இல்லை.

லடாக்கின் 'காந்த மலை'யில் எஞ்சினை அணைத்த வண்டி தானாக மேட்டில் ஏறுவதுபோலத் தெரிவதும் இதே கண்மயக்கம்தான், காந்தமும் இல்லை, பேயும் இல்லை. கொத்தனாரின் ரசமட்டம் ஒன்றை வைத்தால் உண்மை தெரிந்துவிடும். மாவட்டத்துக்கு ஒரு கோணல் அறை கட்ட அரசு பணம் ஒதுக்கினால், பிள்ளைகள் இதைக் கையால் தொட்டுக் கற்பார்கள்.

2023 ஆகஸ்டில் க்ரூக்கட் ஹவுஸ் தீப்பற்றி, இரண்டே நாளில் இடிக்கப்பட்டது. மனசு கனத்துப்போனது. முன்பு இருந்தபடியே திரும்பக் கட்ட வேண்டும் என்று 2024-இல் உள்ளூர் நிர்வாகம் உத்தரவிட்டது. அப்படியென்றால் சன்னலின் கோணலையும் மேசையின் கோணலையும் தனித்தனியாக அளந்து கட்ட வேண்டும். இல்லாவிட்டால் கோலி ஏறாது.