சிறுகதையின் உறுப்புகள்: ஒன்றில் தெரியும் குறை, இன்னொன்றில் இருக்கும் காரணம்

பல ஆண்டுகளாகச் சிறுகதைப் பிரதிகளைச் செம்மையாக்குவதும், பயிலரங்குகளில் எழுதத் தொடங்குவோருடன் உட்கார்ந்து அவர்களுடைய கதைகளைத் திருத்துவதும் என் தொழிலாக இருந்து வருகின்றன. என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோருக்குக் கரு, கதைப்பின்னல், கதைமாந்தர், களம், நோக்குநிலை, உரையாடல், முடிவு ஆகிய சொற்கள் முன்பே தெரிந்திருக்கின்றன. கேட்டால் ஒவ்வொன்றுக்கும் விளக்கமும் சொல்லிவிடுவார்கள். ஆனால் பிரதியைப் புரட்டினால், விண்ணப்பப் படிவத்தின் கட்டங்களை நிரப்பியதைப்போல, முதல் பத்தியில் களம், இரண்டாவதில் பாத்திர அறிமுகம், பிறகு ஒரு சிக்கல், கடைசியில் ஒரு திருப்பம் என்று எல்லாம் தனித்தனியே இருக்கும். கதை மட்டும் இருக்காது.

உறுப்புகளைப் பற்றிய அறிவு தவறானது என்று நான் சொல்ல வரவில்லை. ஓர் உறுப்பில் வெளிப்படும் குறைக்குக் காரணம் பெரும்பாலும் வேறோர் உறுப்பில் இருக்கிறது என்பதைப் பாடமாகப் படிக்கும்போது யாரும் சொல்லித் தருவதில்லை. நான் அதிகமாகக் கேட்கும் முறையீடு, "முடிவு மட்டும் சரியாக அமையவில்லை" என்பது. அப்படிச் சொல்லி நீட்டப்படும் பிரதியில் நான் முதலில் பார்ப்பது முதல் பக்கத்தைத்தான்.

ஒரு பிரதியை எடுத்துக்கொள்கிறேன். எழுதியவரை அடையாளம் காண முடியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். செவித்திறன் குறைந்த ஒரு முதியவர் மகளுடன் வசிக்கிறார். காதுக்குள் அடங்கும் சிறிய கருவி ஒன்று அவரிடம் இருந்தது. அது பழுதாகிவிட்டது என்று அவரே சொல்லிவிட்டார். அவருக்கு எதுவும் கேட்காது என்ற நினைப்பில் வீட்டார் எல்லாவற்றையும் அவர் எதிரிலேயே பேசுகிறார்கள். அவர் இறந்த பிறகு, கடைசி மாதம் வரை அந்தக் கருவிக்கு மின்கலம் வாங்கியதற்கான ரசீதுகள் மகள் கையில் கிடைக்கின்றன. மகள் அழுகிறாள், கதை முடிகிறது.

கரு நல்ல கரு. ஆனால் வாசித்தபோது அந்த ரசீதுகள் எனக்குள் எதையும் அசைக்கவில்லை. எழுதியவரும் அதை உணர்ந்திருந்ததால், மகள் அழும் பத்தியை நான்கு முறை மாற்றி எழுதியதாகச் சொன்னார். எத்தனை முறை மாற்றினாலும் அங்கே ஒன்றும் நடந்திருக்காது. ஏனென்றால் அதற்கு முந்தைய ஏழு பக்கங்களில் அவருடைய பிறப்பு, படிப்பு, வேலை, மனைவியின் மறைவு ஆகியவை வரிசையாகச் சொல்லப்பட்டிருந்தனவே தவிர, அந்த வீட்டில் யாருக்கும் எதுவும் தேவைப்படவில்லை. வீட்டார் பொதுவாக "ஏதேதோ பேசினார்கள்". அவர் காதில் எது விழுந்தது என்பது வாசகருக்குத் தெரியாதபோது, விழுந்துவிட்டது என்ற செய்திக்கு என்ன எடை இருக்க முடியும்?

கதைக்கும் கதைப்பின்னலுக்கும் உள்ள வேறுபாட்டை 1927ஆம் ஆண்டில் ஆங்கில நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டர் நாவல் குறித்த தம் சொற்பொழிவுகளில் எளிய எடுத்துக்காட்டால் விளக்கினார். அரசன் இறந்தான், பிறகு அரசி இறந்தாள் என்பது கதை. அரசன் இறந்தான், அந்தத் துயரத்தால் அரசி இறந்தாள் என்பது பின்னல். சிறுகதைக்கும் இது பொருந்தும். நிகழ்ச்சிகளுக்கு நடுவே "பிறகு" என்ற சொல்லை வைத்தால் பொருந்துகிறதா, "ஆகையால்" அல்லது "ஆனாலும்" என்பதை வைத்தால் பொருந்துகிறதா என்று பாருங்கள். அந்தப் பிரதியின் ஏழு பக்கங்களிலும் "பிறகு" மட்டுமே பொருந்தியது.

"ஆகையால்" எங்கிருந்து வரும்? ஒருவர் ஒன்றை விரும்புவதிலிருந்து வரும். கதைமாந்தரை உருவாக்குவது என்றால் வயது, நிறம், உடை, பழக்கவழக்கம் ஆகியவற்றை வரைவது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அவை அடையாளங்கள் மட்டுமே. இன்றைய பொழுதுக்குள் இவருக்கு என்ன வேண்டும், அதைப் பெறவிடாமல் தடுப்பது எது என்ற இரண்டுக்கும் விடை கிடைத்தால் மூக்கின் வடிவத்தை வருணிக்காமலேயே ஆள் எழுந்து நிற்பார். மகளுக்கு என்ன வேண்டும் என்று எழுதியவரைக் கேட்டேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, "அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்க்க வேண்டும், ஆனால் அதைத் தன் வாயால் அவரிடம் சொல்ல முடியாது" என்றார். பிரதியில் எங்குமே இல்லாத இந்த ஒரு வாக்கியத்தில்தான் கதை இருந்தது.

அடுத்த சிக்கல் நோக்குநிலை, அதாவது கதை யாருடைய பார்வையில் சொல்லப்படுகிறது என்பது. தொடக்க எழுத்தாளர்கள் மிகக் குறைவாகக் கவனிப்பது இதைத்தான். "நான்" என்று எழுதுவதா, "அவர்" என்று எழுதுவதா என்ற இலக்கணத் தேர்வாக மட்டும் இதை எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் யாருக்கு எது எப்போது தெரியும் என்பதைத் தீர்மானிக்கும் உறுப்பு இது. அந்தப் பிரதியின் இரண்டாம் பக்கத்தில், "மகளின் பேச்சு அவரை வருத்தியது" என்று ஒரு வரி வருகிறது. எல்லாம் அறிந்த கதைசொல்லி கவனக்குறைவாக முதியவரின் மனத்துக்குள் நுழைந்து, அவருக்குக் காது கேட்கும் என்பதைச் சொல்லிவிட்டார். கூர்ந்து படிப்பவருக்கு அங்கேயே கதை முடிந்துவிடுகிறது. மேலோட்டமாகப் படிப்பவரோ கடைசியில் ஏமாற்றப்பட்டதாக நினைக்கிறார். மகளின் பார்வைக்குள்ளேயே கதை நின்றிருந்தால் உண்மை வெளிப்படும் கணம் வாசகருக்கும் அவளுக்கும் ஒன்றாகவே நிகழும். முதியவரின் பார்வையில் நின்றால் திருப்பமே தேவைப்படாது. கேட்டும் கேளாதவராக ஒரு மாலைப்பொழுதைக் கடப்பது எப்படி இருக்கும் என்பதே கதையாகிவிடும். என்னைக் கேட்டால் இரண்டாவதே ஆழமானது என்பேன். எழுதியவர் முதலாவதைத் தேர்ந்தெடுத்தார். அது அவருடைய உரிமை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்பதுதான் முக்கியம்.

களத்தைப் பொறுத்தவரை, நிலமும் பொழுதும் சேர்ந்ததே முதற்பொருள், அதாவது பாடலின் அடிப்படை, என்று தொல்காப்பியம் வகுத்தது. காதலைப் பாடும் அகப்பாடலில், கடற்கரையான நெய்தல் நிலமும் பொழுது சாயும் நேரமான எற்பாடும் அலங்காரமாக வருவதில்லை, அங்கே நிற்பவளின் மனநிலையோடு பிரிக்க முடியாதபடி வருகின்றன. நம் பிரதியிலோ முதல் பத்தியில் ஒரு கூடம், ஒரு சாய்வு நாற்காலி, ஓயாமல் அலறும் தொலைக்காட்சி ஆகியவை வருணிக்கப்பட்டு, அதன் பிறகு திரும்ப வரவேயில்லை. காது கேளாதவர் எனப்படுபவர் இருக்கும் கூடத்தில் தொலைக்காட்சி அலறுகிறது என்பது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்பதை எழுதியவர் கவனிக்கவில்லை.

சுடுவதற்கு எண்ணமில்லையென்றால் குண்டு நிரப்பிய துப்பாக்கியை மேடையில் வைக்கக் கூடாது என்று ரஷ்ய எழுத்தாளர் செகாவ் 1889ஆம் ஆண்டில் ஒரு கடிதத்தில் எழுதியதை இங்கே பலர் நினைவுகூர்வார்கள். அது நாடகத்தைப் பற்றிச் சொல்லப்பட்டது என்பதை மறந்துவிட்டு, கதையில் வரும் ஒவ்வொரு பொருளும் வெடித்தே தீர வேண்டும் என்று சிலர் பிடிவாதம் பிடிப்பதை நான் ஏற்பதில்லை. சாய்வு நாற்காலி வெறும் நாற்காலியாகவே இருக்கலாம். ஆனால் தொலைக்காட்சியின் சத்தம் அப்படிப்பட்டதன்று.

உரையாடலைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன்: இருவருக்கும் ஏற்கெனவே தெரிந்த செய்தியை வாசகருக்காக ஒருவர் மற்றவரிடம் சொல்லத் தொடங்கினால், அந்த வரியை அடித்துவிடலாம்.

அளவும் ஓர் உறுப்பே. அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1842ஆம் ஆண்டில் எழுதிய ஒரு மதிப்புரையில், ஒரே அமர்வில் படித்து முடிக்கத்தக்கதாக இருப்பதையும், எல்லாச் சொற்களும் முன்கூட்டி எண்ணிய ஒற்றை விளைவை நோக்கிச் செல்வதையும் சிறுகதைக்கு உரியவையாகச் சொன்னார். அவர் வரையறைக்கு உட்படாத சிறந்த கதைகள் ஏராளமாக உண்டு. இருப்பினும் எதை வெட்டுவது என்று தெரியாமல் தடுமாறுபவருக்கு இதைவிடப் பயன்படும் அளவுகோலை நான் பார்த்ததில்லை. முதியவரின் படிப்பும் வேலையும் அந்த மாலைக்கு எதையும் சேர்க்கவில்லை என்பதால் முதல் மூன்று பக்கங்கள் போயின.

மூன்று வாரங்களில் திருத்திய பிரதி வந்தது. முதியவர் இப்போது உயிரோடு இருக்கிறார், ரசீதுகள் இல்லை, அழுகையும் இல்லை. கதை மகளின் தொலைபேசிப் பேச்சில் தொடங்குகிறது. கூடத்தில் தொலைக்காட்சி அலற, இரண்டடி தள்ளி அப்பா உட்கார்ந்திருக்க, அவள் முதியோர் இல்லத்தின் மேலாளரிடம் அறையைப் பற்றியும், சேர்க்க வேண்டிய நாளைப் பற்றியும், அவரிடம் என்ன பொய் சொல்லி அழைத்து வருவது என்பதைப் பற்றியும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். எதிர்முனையில் சொல்வது காதில் விழாததால் மறுபடியும் மறுபடியும் கேட்கிறாள். அப்போது அப்பா அவளைத் திரும்பிப் பார்க்காமலேயே, "அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளம்மா, அவர் சொல்வது உனக்குக் கேட்கட்டும்" என்கிறார்.

அவர் வாய்தவறிச் சொன்னாரா, வேண்டுமென்றே சொன்னாரா என்று பயிலரங்கில் அரைமணி நேரம் வாதம் நடந்தது. எழுதியவர் வாயைத் திறக்கவில்லை. நானும் அவரைக் கேட்கவில்லை.