விவேரியத்தில் வெளிநாட்டுத் தவளை: முதலில் அறிவியல் பெயரைக் கேளுங்கள்

நீல உடம்பில் கறுப்புப் புள்ளி தெளித்த நச்சு அம்புத் தவளையை வீட்டில் விவேரியம் எனப்படும் கண்ணாடித் தொட்டிக்குள் வளர்க்க இந்தியாவில் அனுமதி உண்டா? உண்டு, ஆனால் அதற்குக் காகிதம் வேண்டும். எந்தக் காகிதம் என்பதை முடிவு செய்வது தவளையின் அறிவியல் பெயர்தான்.

1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல் கொண்டுவந்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. காட்டு உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தப் பட்டியலில் உள்ள உயிரினங்களை அந்தத் திருத்தம் நான்காம் அட்டவணையாகச் சட்டத்துக்குள் சேர்த்தது. நச்சு அம்புத் தவளைகளும் செங்கண் மரத்தவளையும் அந்த ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் வருகின்றன. இவற்றை உயிரோடு வைத்திருப்பவர் 49எம் பிரிவின்படி பதிவு செய்தாக வேண்டும். வாய் அகன்ற பேக்மேன் தவளை அந்தப் பட்டியலில் இல்லை. கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றால் நம்பாதீர்கள். 'டென்ட்ரோபேட்டீஸ் டிங்டோரியஸ்' என்பதுபோல் முழு அறிவியல் பெயரையும் ரசீதில் எழுதி வாங்குங்கள்.

பதிவு செய்யும் முறையை 2024 பிப்ரவரி 28இல் வெளியான விதிகள் சொல்கின்றன. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளம் வழியாக மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 1,000 ரூபாய், திரும்பக் கிடைக்காது. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்குக் கொடுத்த ஆறு மாத அவகாசம் 2024 ஆகஸ்டோடு முடிந்துவிட்டது. இப்போது புதிதாக வாங்குபவர் கைக்கு வந்த 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

இதில் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. பதிவு செய்துவிட்டால் கடத்தி வந்த தவளை சட்டப்படியானதாக மாறிவிடாது. வனவுயிர் சட்டங்களை மீறாமல் வந்த உயிரினம்தான் என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால்தான் சான்றிதழ் கிடைக்கும். அதனால் விற்பவரிடமிருந்து அவருடைய பதிவுச் சான்று, ரசீது, இறக்குமதி செய்த தவளையானால் அதன் உரிமம், எல்லாவற்றின் நகலையும் பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். தர மறுத்தால் வாங்காமல் வந்துவிடுங்கள். பட்டியலில் இல்லாத தவளையானாலும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவர இறக்குமதி உரிமமும் குவாரண்டைன் சோதனையும் தேவை. கைப்பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவருவது குற்றம்.

அப்புறம், குஞ்சுகள். அம்புத் தவளைக்கு வீடு பிடித்துப்போனால் சருகின் மேல் முட்டையிடும். ஆண் தவளை தலைப்பிரட்டையை முதுகில் ஒட்டவைத்துச் சுமந்துபோய் பிரோமீலியா என்ற செடியின் இலைக்கக்கத்தில் தேங்கிய தண்ணீரில் விடும். பார்த்துக்கொண்டே இருக்கலாம்! அந்த மகிழ்ச்சியில் குஞ்சு பிறந்ததையும் தெரிவிக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். இறந்தாலும், நண்பருக்கே கொடுத்தாலும் தெரிவிக்க வேண்டும். எண்ணிக்கை, தேதி, யாருக்குக் கொடுத்தீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்துவைத்தால் போதும், பின்னால் திண்டாட வேண்டியிருக்காது.

குளியலறைச் சுவரில் ஒட்டியிருக்கும் நம் ஊர்த் தேரையைப் பிடித்துத் தொட்டியில் விடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். இந்தச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குள் உயிரோடு பிடிப்பதும் அடங்கும். முதல் இரண்டு அட்டவணைகளில் உள்ள எந்த உயிரினத்தையும் அப்படிப் பிடிக்கக் கூடாது. நீங்கள் பார்த்தது அவற்றில் இருக்கிறதா என்று தெரியாமல் கைவைக்காதீர்கள்.

வளர்க்க முடியாமல் போனாலும் குளத்திலோ தோட்டத்திலோ விட்டுவிடாதீர்கள். தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை வளர்ப்புத் தவளை வழியாகவும், தொட்டித் தண்ணீர் வழியாகவும் பரவும். மேற்குத் தொடர்ச்சி மலையில் வேறெங்கும் இல்லாத தவளைகள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றுக்கு நம் வீட்டுத் தொட்டியிலிருந்து நோய் போகக் கூடாது. பதிவு பெற்ற இன்னொருவரிடம் ஒப்படைக்கலாம். அப்படி யாரும் கிடைக்காவிட்டால் உங்கள் மாவட்ட வன அலுவலகத்தில் பேசுங்கள்.