கசிந்ததா, எடுத்துப் போட்டார்களா?

'நட்சத்திர வீரரின் தனிப்பட்ட சாட் கசிந்தது, ரசிகர்கள் கொந்தளிப்பு.' வீரர் பெயரை மட்டும் மாற்றி மாற்றி இதே தலைப்பை எத்தனை முறை படிப்பது? கொந்தளிப்பைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்தக் 'கசிந்தது' இருக்கிறதே, அது வெறும் நடைப் பிழை இல்லை, நடந்ததையே மாற்றிச் சொல்கிற பிழை.

'கசிந்தது' என்பது லீக் (leak) என்ற ஆங்கிலச் சொல்லின் மொழிபெயர்ப்பு. அந்தச் சொல் சொட்டுவதையும் ஒழுகுவதையும் குறிக்கும் பழைய ஸ்காண்டிநேவியச் சொல்லோடு உறவுடையது. ஓட்டை வழியே நீர் போவதுதான் முதல் பொருள். ரகசியம் வெளியே போவதற்கும் அதையே சொல்லும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டில் பரவியது. வரலாறு இவ்வளவு போதும், சிக்கல் தமிழுக்கு வந்த பிறகுதான் தொடங்குகிறது.

தமிழில் ஓட்டைக் கூரை கசிவதில்லை, ஒழுகும். கசிவது வேறு. மண்பானையின் புறத்தில் ஈரம் படிவதும், மழைக்காலச் சுவர் நனைந்து நிற்பதும் கசிவு. சம்பந்தர் 'காதலாகிக் கசிந்து கண்ணீர் மல்கி' என்று பாடியபோது உள்ளம் நெகிழ்வதற்கு அந்தச் சொல்லை வைத்தார். ஓசையில்லாமல், மெல்ல, தானாக நடப்பது அது. ஒரே நாளில் ஆயிரக்கணக்கான மின்னஞ்சல்கள் உலகத்தின் முன்னால் வந்து விழுவதற்கு இந்தச் சொல்லை எப்படி ஒட்டவைத்தார்கள் என்று எனக்கு இன்னமும் புரியவில்லை.

இதைவிடப் பெரிய குறை இலக்கணத்தில் இருக்கிறது. ஆங்கிலத்து லீக் இரண்டு பக்கமும் போகும்: செய்தி தானாக வெளியேறியது என்றும் சொல்லலாம், இன்னார் வெளியேற்றினார் என்றும் சொல்லலாம். நம்முடைய 'கசி' அப்படி இல்லை. அதற்குச் செயப்படுபொருள் கிடையாது. ஒருவர் கடிதத்தைக் கசிந்தார் என்று தமிழில் சொல்லவே முடியாது, அதனால் கசிந்தது என்று எழுதிய கணமே அதைச் செய்த கை வாக்கியத்திலிருந்து காணாமல் போய்விடுகிறது. 'கசியவிட்டார்' என்று ஒட்டுப்போட்டு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது பரவாயில்லை, ஆள் ஒருவராவது மிஞ்சுகிறார்.

பழகிவிட்ட சொல், இனி எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நடந்த சிலவற்றைக் காட்டுகிறேன்.

2015-இல் அமெரிக்கக் கால்பந்து வீரர் டாம் பிரேடியின் மின்னஞ்சல்கள் பொதுவுக்கு வந்தன. போட்டியில் காற்றைக் குறைத்த பந்துகளைப் பயன்படுத்தியதாக எழுந்த வழக்கில் அவை நீதிமன்ற ஆவணங்களாகத் தாக்கலாகியிருந்தன, அந்த வழியாகத்தான் வெளியே வந்தன. பந்தைப் பற்றி என்ன இருக்கிறது என்று தேடப் போன ரசிகர்கள் பிடித்துக்கொண்டதோ, வீட்டு நீச்சல்குளத்துக்கு மூடி வாங்குவது பற்றி அவர் எழுதியதையும், போட்டியாளர் பெய்டன் மானிங்குக்கு ஆட இன்னும் 2 ஆண்டு, எனக்கு 7 அல்லது 8 ஆண்டு என்று நண்பருக்கு எழுதியதையும். இதில் எங்கே கசிவு? முறைப்படி தாக்கல் செய்த காகிதம் அது.

2016 செப்டம்பரில் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தரவுக்குள் புகுந்த ஒரு ஹேக்கர் குழு, ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் உட்படப் பலரின் மருத்துவ ஆவணங்களை எடுத்துப் போட்டது. கடிதங்கள் இல்லைதான், ஆனால் அவற்றைவிட அந்தரங்கமானவை. அது திருட்டு. பைல்ஸ் எடுத்துக்கொண்டது முறையாக அனுமதி பெற்ற மருந்து. கவனக்குறைபாட்டுக்குச் சிறுவயது முதல் மருந்து எடுப்பதாகவும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றும் அவரே வெளிப்படையாக எழுத வேண்டியிருந்தது. திருடியவர்கள் அல்லவா விளக்கம் சொல்லியிருக்க வேண்டும்?

மூன்றாவது, 2022 பிப்ரவரியில் கிரிக்கெட் வீரர் விருத்திமான் சாஹா. ஒரு பத்திரிகையாளர் தனக்கு மிரட்டும் தொனியில் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை சாஹாவே ட்விட்டரில் போட்டார். அப்புறம் விசாரணை நடந்து, இந்திய கிரிக்கெட் வாரியம் அந்தப் பத்திரிகையாளருக்கு 2 ஆண்டு தடை விதித்தது. மிரட்டலுக்கு ஆளானவர் துணிந்து செய்த காரியத்தைக் கசிவு என்றால் அந்தத் துணிவு எங்கே போயிற்று?

நீதிமன்றத் தாக்கல், திருட்டு, பாதிக்கப்பட்டவரே எடுத்த முடிவு. மூன்றுக்கும் ஒரே ஈரச்சுவர்! யார் செய்தது என்று தலைப்பு சொல்லாததால் ரசிகர்களும் கேட்பதில்லை. தன் அணி வீரர் என்றால் 'பொய், போலி ஸ்கிரீன்ஷாட்' என்கிறார்கள், எதிரணி என்றால் ஆளுக்கு நாலு பேருக்கு அனுப்புகிறார்கள். இதை எடுத்தது யார், எடுக்க உரிமை இருந்ததா என்ற கேள்வி கிளம்புவதே இல்லை. கேள்வியைக் கிளப்ப வேண்டிய வினைச்சொல்லை நாம்தான் பிடுங்கிவிட்டோமே.

'அம்பலம்' என்று போடலாமே என்பார்கள். அதை இன்னும் கடுமையாக மறுப்பேன். அம்பலம் என்றால் பலர் கூடும் மன்று. மறைத்த குற்றம் மன்றுக்கு வருவதுதான் அம்பலமாவது. ஊழலுக்கு அது சரி. ஒருவரின் மருந்துச் சீட்டுக்கும், மனைவிக்கு எழுதிய கடிதத்துக்கும் அம்பலம் என்றால் படிக்கும் முன்பே குற்றவாளி ஆக்கியாயிற்று.

இன்னொரு கொடுமை, 'தனியார் செய்திகள் கசிந்தன'. தனியார் பேருந்து உண்டு, தனியார் பள்ளி உண்டு. ஒருவர் நண்பருக்கு எழுதியது அந்தரங்கச் செய்தி, அல்லது தனிப்பட்ட செய்தி. மொழிபெயர்ப்பு இயந்திரம் தந்ததை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும், அந்த ஒருமுறைக்கும் நேரமில்லை என்றால் மொழிபெயர்க்கவே வேண்டாம்.

சரி, என்னதான் எழுதுவது? புதுச்சொல் வேண்டாம். வினையை எழுதுங்கள். திருடி வெளியிட்டார்கள், நீதிமன்ற ஆவணத்தில் வெளியானது, நண்பர் காட்டிக்கொடுத்தார், அவரே வெளியிட்டார். யாரென்று தெரியாவிட்டால் 'யாரோ வெளியிட்டுள்ளனர்' என்று எழுதுங்கள், அந்த 'யாரோ' அங்கே இருக்க வேண்டும். பெயர்ச்சொல்தான் வேண்டும் என்றால் 'அந்தரங்க வெளியீடு' போதும். குறள் 1076-இல் வள்ளுவர், கேட்ட மறையை, அதாவது ரகசியத்தை, பிறரிடம் கொண்டுபோய்ச் சொல்லும் கயவரை அறையப்படும் பறைக்கு ஒப்பிடுகிறார். 'மறை பிறர்க்கு உய்த்துரைக்கலான்' என்பதில் கொண்டுபோகிற ஆள் இருக்கிறார், கேட்கிறவர் இருக்கிறார், சத்தமும் இருக்கிறது. மறை என்றால் இன்று பலருக்கு வேதம்தான் நினைவுக்கு வரும், அதனால் அந்தச் சொல்லை வற்புறுத்த மாட்டேன்.

ரசிகர்களின் எதிர்வினைக்கோ நம்மிடம் அருமையான சொற்கள் கிடக்கின்றன. இருவருக்குள் இருந்தது ஊர் வாய்க்குப் போவதை அகப்பாடல்கள் அம்பல், அலர் என்று பிரித்தன. அரும்பு போல முணுமுணுப்பாக இருந்தால் அம்பல், மலர்ந்து ஊரெல்லாம் பரவினால் அலர். குறளில் 'அலர் அறிவுறுத்தல்' என்று ஒரு அதிகாரமே உண்டு. முதல் ஸ்கிரீன்ஷாட் நாலு குழுக்களில் சுற்றும்போது அம்பல், மறுநாள் காலை ஹேஷ்டேக் ஆனதும் அலர். கொந்தளிப்பு என்று போட்டால் எல்லாரும் ஒரே கோபத்தில் இருப்பதாக ஆகிறது. அலரில் கோபம் உண்டு, பரிதாபம் உண்டு, வம்பும் உண்டு, நீச்சல்குள மூடியை வைத்துச் சிரித்த சிரிப்பும் உண்டு. 'பிரேடியின் மின்னஞ்சல்கள் நீதிமன்ற ஆவணங்களில் வெளியாயின, ரசிகர்களிடையே அலர்.' என் தலைப்பு இப்படித்தான் இருக்கும்.