‘நீர் மீட்பு’ வேண்டாம், மீள்நீர் போதும்

அமெரிக்கத் தண்ணீர்ச் செய்திகளைத் தமிழில் தருபவர்கள் ‘பிராந்திய நீர் மீட்புத் திட்டங்களுக்கு அரசு நிதி கோரிக்கை’ என்று எழுதுவதை இனியும் பொறுக்க முடியவில்லை. நம்மூரில் ‘நீர்நிலை மீட்பு’ என்றால் ஏரிக்குள் கட்டிய கட்டடங்களை ஜேசிபி வைத்து இடிப்பது. கலிபோர்னியாச் செய்தியையும் வாசகர் அந்த நினைப்போடுதான் படிப்பார். அங்கே நடக்கிற வேலைக்கும் ஆக்கிரமிப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இவர்கள் ‘நீர் மீட்பு’ என்று பெயர்க்கும் ‘வாட்டர் ரெக்ளமேஷன்’ என்பது சாக்கடையில் போன தண்ணீரை மறுபடி பயன்படும் அளவுக்குச் சுத்தமாக்குவது. கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியைப் (மாவட்டம்) பாருங்கள். பசிபிக் கடலில் கலக்க வேண்டிய கழிவுநீரை அங்கே முதலில் நுண்வடிகட்டியில் விடுகிறார்கள், அப்புறம் எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்ஓ), கடைசியாக ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்துப் புற ஊதா ஒளி. சுத்தமான நீரில் ஒரு பங்கு கடலோரக் கிணறுகள் வழியே நிலத்துக்குள் இறங்கி உப்புநீர் உள்ளே வராமல் தடுக்கிறது. இன்னொரு பங்கு அனஹைமில் உள்ள குளங்களில் ஊறி நிலத்தடி நீராகிறது. இந்த ஆலை 2008-இல் நாளொன்றுக்கு 7 கோடி கேலன் என்று தொடங்கியது, 2023-இல் 13 கோடி கேலனை எட்டியது.

‘ரெக்ளமேஷன்’ என்ற சொல்லின் வேர் லத்தீன். கத்தி மறுப்பது என்பது அங்கே பொருள். பழைய பிரெஞ்சில் அது பறந்துபோன வல்லூறைத் திரும்பக் கூப்பிடுவது என்றானது. பிறகு தரிசைத் திருத்துவதற்கு வந்தது, கடைசியில் தண்ணீருக்கு.

1902-இல் தொடங்கிய அமெரிக்கக் கூட்டரசின் ‘ரெக்ளமேஷன்’ துறைக்கு முதலில் கழிவுநீரோடு உறவே கிடையாது. மேற்கு மாநிலங்களின் வறண்ட நிலத்துக்கு அணை கட்டிப் பாசனம் கொடுப்பதுதான் அதன் வேலை. 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16-ஆம் பகுதி (‘டைட்டில்’) வந்த பிறகுதான் கழிவுநீர் மறுபயன்பாட்டுக்கும் அது பணம் தரத் தொடங்கியது, அதுவும் பொதுவாகக் கட்டுமானச் செலவில் கால் பங்குக்கு மேல் போகாது. மிச்சத்தை உள்ளூர் அமைப்புகள் புரட்ட வேண்டும். 2021 உள்கட்டமைப்புச் சட்டம் நீர் மறுபயன்பாட்டுக்கு 100 கோடி டாலர் ஒதுக்கியது. அதில் 45 கோடி டாலர் பெரிய திட்டங்களுக்கு, அதாவது ஒவ்வொன்றும் குறைந்தது 50 கோடி டாலர் பிடிக்கும் திட்டங்களுக்கு. ஆக, துறையின் பெயர் குறிப்பது நிலத்தை, திட்டத்தின் பெயர் குறிப்பது நீரை. இரண்டுக்கும் ‘மீட்பு’ என்று ஒரே முத்திரையைக் குத்தினால் பணம் எதற்குக் கேட்கிறார்கள் என்பதே வாசகருக்கு விளங்காது.

‘மீட்பு’ என்ற சொல்லுக்கே ஒரு குணம் உண்டு. அது பிறவினை. பறிகொடுத்ததை, சிக்கியதைத்தான் மீட்கிறோம்: அடகு வைத்த நகையை, கடத்தப்பட்ட பிள்ளையை, கிணற்றில் விழுந்த மாட்டை. அதனால்தான் தீயணைப்புத் துறையின் பெயரில் ‘மீட்புப் பணிகள்’ வருகிறது. குழாயில் வந்து, குளித்து, துவைத்து, கழுவி நாமே வெளியே விட்ட நீரை யார் பறித்துப் போனார்கள்? ‘மீட்டெடுத்த நீர்’ என்று நீட்டினாலும் இதே கோளாறுதான். அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டுகிற பழக்கம் மொழிபெயர்ப்பாளர்களிடம் இப்போது கூடிவிட்டது. சிங்கப்பூரில் கடலைத் தூர்த்து நிலமாக்குவதற்கும் ‘நில மீட்பு’ என்று எழுதுகிறார்கள். கடல் என்ன, பட்டா இல்லாமல் நிலத்தைப் பிடித்து வைத்திருந்ததா?

‘மறுசுழற்சி நீர்’ என்பார்கள் சிலர். தவறில்லை, ஆனால் பிளாஸ்டிக், காகிதம் என்று எல்லாவற்றுக்கும் ஓடித் தேய்ந்த சொல் அது. ‘சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர்’ என்பது அரசாணைத் தமிழ். நேர்மையான சொல்தான், ஆனால் எவ்வளவு சுத்தம் செய்தாலும் கழிவு என்ற பெயர் போவதில்லை. சென்னையில் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் 2019 முதல் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் தரக்கூடிய ஆலைகள் இருக்கின்றன. எதிர்ச் சவ்வூடு பரவல் முடிந்து தொழிற்சாலைக்குப் போகும் அந்த நீரை இன்னும் கழிவுநீர் வரிசையில் நிறுத்துவது சரியில்லை.

என் தேர்வு ‘மீள்நீர்’. மீள் என்பது தன்வினை, யாரும் பறித்ததாக அது சொல்லவில்லை. மீண்ட நீர், மீள்கின்ற நீர், மீளும் நீர் என்று மூன்று காலத்தையும் அடக்கிய வினைத்தொகை. நேற்று திரும்பியது இன்றும் திரும்புகிறது, நாளையும் திரும்பும். ஆலையில் நடப்பதும் அதுதான். மீள்குடியேற்றம், மீள்பார்வை எல்லாம் ஏற்கெனவே புழங்குவதால் காதுக்கும் புதிதில்லை. வாள் நெடிது ‘வாணெடிது’ ஆவதுபோல இது ‘மீணீர்’ ஆக வேண்டும் என்று இலக்கணம் பார்ப்பவர்கள் சொல்லலாம். அப்படிப் புணர்த்தினால் மீன் வாசனை வரும், ‘ள்’ மாறாமல் மீள்நீர் என்றே எழுதலாம்.

அப்புறம் அந்தப் ‘பிராந்திய’. பல ஊர்கள் சேர்ந்து ஒரே ஆலை கட்டுவதைத்தான் அங்கே அந்தச் சொல்லால் குறிக்கிறார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்று நம் கிராமத்துப் பெயர்ப்பலகையிலேயே அதற்குச் சொல் இருக்கிறது. கூட்டு மீள்நீர்த் திட்டம் என்று எழுதினால் பஞ்சாயத்துத் தலைவர் முதல் பொறியாளர் வரை யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.