கறுப்புக் கல் எப்படி முகம் காட்டுகிறது?

குப்பம், கிருஷ்ணகிரி பக்கத்துக் கல் பட்டறைகளில் அறுத்துப் போட்ட கறுப்புக் கல் வெளிறிய சாம்பல் நிறத்தில்தான் கிடக்கும். வாங்க வந்தவர் தயங்கினால் ஒரு குவளைத் தண்ணீரை அதன்மேல் வீசிக் காட்டுவார்கள். நனைந்த இடம் மட்டும் மையாய்க் கறுக்கும். பாலிஷ் போட்டால் வரப்போகும் நிறம் அது. கறுப்புக் கல்லில் எழுப்பிய போர் நினைவுச் சின்னம் மனத்தைப் பிசையும் ரகசியத்தில் பாதி இந்தக் குவளையில் இருக்கிறது.

அறுத்த கல்லின் நுண்ணிய மேடுபள்ளங்களில் பட்ட ஒளி நாலாபுறமும் சிதறி, நிறத்தை மறைக்கிறது. தண்ணீர் பள்ளங்களை நிரப்பினால் சிதறல் குறையும். பாலிஷோ, அந்த மேடுகளையே ஒளியின் அலைநீளத்தைவிட, அதாவது ஒரு மில்லிமீட்டரில் சுமார் 2,000இல் ஒரு பங்கைவிட, சிறிதாகத் தேய்த்துவிடுகிறது. கல் கண்ணாடியாகிறது. ஆனால் வெள்ளைக் கல்லை எவ்வளவு இழைத்தாலும் முகம் தெளிவாகத் தெரியாது. நேராகப் பார்க்கையில் கல்லின் மேற்பரப்பு திருப்பி அனுப்புவது சுமார் 5 சதவீத ஒளியைத்தான். வெள்ளைக் கல்லில், உள்ளே போன ஒளியும் சிதறித் திரும்பி வந்து பிம்பத்தை அமுக்கிவிடும். கறுப்புக் கல் அதை விழுங்கிவிடுவதால் பிம்பம் மிஞ்சுகிறது.

வாஷிங்டனில் 1982இல் திறக்கப்பட்ட வியட்நாம் போர் நினைவுச் சுவர் இந்த இயற்பியலின்மேல்தான் நிற்கிறது. கல் பெங்களூருப் பகுதியிலிருந்து போனது. வடிவமைத்த மாயா லின் போட்டியில் வென்றபோது 21 வயது மாணவி. சுவரில் 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள். துகள் பீய்ச்சிப் பொறித்த எழுத்து சொரசொரப்பானது. ஒளியைச் சிதறடித்து வெளிறித் தெரியும். சுற்றியுள்ள பரப்பு கண்ணாடி. பெயர் கல்லின் பரப்பிலேயே இருக்கிறது. பார்ப்பவரின் பிம்பமோ, அவர் நிற்கும் தொலைவுக்குச் சமமாகக் கல்லுக்குப் பின்னால் விழுகிறது. கண்ணால் இரண்டையும் ஒரே நேரத்தில் குவிக்க முடியாது. பெயரைப் படித்தால் முகம் மங்கும், முகத்தைப் பார்த்தால் பெயர் மங்கும். இறந்தவருக்கும் தனக்கும் நடுவே பார்வை மாறி மாறி ஓடுகிறது. சுவருக்குப் பதில் வீரர் சிலை ஒன்றை மட்டும் வைத்திருந்தால் நிமிர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

பெயர்கள் அகரவரிசையில் இல்லை. மடிந்த நாள் வரிசையில் இருக்கின்றன. முதல் பெயர்களும் கடைசிப் பெயர்களும் சுவரின் இரு கைகள் கூடும் நடுமூலையில் சந்திக்கின்றன.

மடிந்த வீரருக்காக நம் ஊர் எல்லையில் நட்ட நடுகற்களின் வழி வேறு. வாளோங்கிய வீரன் புடைப்புருவமாக நிற்பான்; சாய்ந்த வெயிலில் நிழல் விழும்போதுதான் உருவம் எழும். தருமபுரி, செங்கம் வட்டாரங்களில் பல கற்கள் வேடியப்பன் என்ற ஊர்ச்சாமியாகிப் பொங்கல் பெறுகின்றன. பெயர் மறந்தாலும் ஊர் கல்லைக் கைவிடவில்லை. பூசிய எண்ணெயும் தண்ணீரைப் போலவே பள்ளங்களை நிரப்பிக் கல்லைக் கறுக்கவைக்கிறது.

நடுகல்லுக்கு அடிக்கும் எனாமல் பெயின்ட்தான் வம்பு. வாஷிங்டன் சுவரில் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பெயரை எடுத்துப்போகிறார்கள். கல்வெட்டாய்வாளர்கள் ஈரத் தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றிப் படியெடுக்கிறார்கள். இரண்டுக்கும் எழுத்தில் பள்ளம் இருந்தாக வேண்டும். பக்தியோடு ஆண்டுதோறும் அடிக்கும் பெயின்ட் முதலில் நிரப்புவது அந்தப் பள்ளத்தைத்தான்.